உறவே என்பது எங்கள் அணியின் வாதம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

தனிமனித நல்வாழ்வுக்கும், சூழலைக் கெடுக்காத நிலைபேறான வாழ்வுக்கும் இடையே நிலவுவது பகையா, உறவா என்பது இன்றைய வழக்கு. பகையே என்று வாதிட்ட எதிரணித் தலைவர், போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையை நினைவூட்டி, "ஜாம்போத்தல் விளக்கில் படித்தோம், நோயாளியைச் சைக்கிளில் ஏற்றிச் சென்றோம், அந்த வாழ்வுக்கா திரும்பச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டுக் கைதட்டலும் பெற்றார். 1990களில் எரிபொருளும் மருந்தும் எமக்கு மறுக்கப்பட்டிருந்தன. நாமாக விரும்பி எதையும் குறைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பற்றாக்குறையை நிலைபேறான வாழ்வு என்று கொண்டால், தடை விதித்தவர்களைச் சூழல் காவலர்கள் என்று பாராட்ட வேண்டிவரும். நண்பர் அதற்கு உடன்படமாட்டார் என நம்புகிறேன்.

இந்த வழக்குக்கு நம் வளவுக் கிணற்றைவிடச் சிறந்த சாட்சி இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாதது நம் யாழ்ப்பாணக் குடாநாடு. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். நாம் குடிப்பது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கிய மழைநீரை. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவே அந்தக் கல்லின் கையொப்பம். நீரை விரைவாக உள்ளே விடும் அதே வெடிப்புகள், வெங்காயத் தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சிக் கொட்டிய யூரியா உரத்திலிருந்து உண்டாகும் நைத்திரேற்று என்ற உப்பையும், மதிலுக்கு அப்பால் அயலவர் வெட்டிய மலக்குழியின் கசிவையும் தடுப்பதில்லை. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கும்போது, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து குழந்தையின் உடல் நீலம் பாரிக்கக்கூடும். விளைச்சலைப் பெருக்கத் தோட்டத்தில் இட்ட உரம் சொந்த வீட்டுத் தொட்டிலுக்கே வந்து சேரும் இவ்வூரில், என் நலம் வேறு, மண்ணின் நலம் வேறு என்று எப்படிப் பிரிப்பது?

கிணற்று நீர் உவர்ப்பாகும் கதையும் இதுவே. நிலத்தடியில் நன்னீர், கடல்நீரின்மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. அதன் மட்டம் ஓரடி இறங்கினால், அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலேற இடமுண்டு என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. கிணற்று ஏற்றமான துலாவை மிதித்து இறைத்த காலத்தில், மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மோட்டருக்குக் களைப்பு இல்லை. மீண்டும் துலா மிதிக்கச் சொல்ல நான் வரவில்லை, என் முழங்காலும் அதற்கு இடம் தராது. மோட்டரை எப்போது நிறுத்துவது என்பதை நாமே தீர்மானித்து, மழைநீரைத் தேக்கும் குளங்களையும் கேணிகளையும் தூர்வாரினால் போதும்.

2021 இல் இரசாயன உரத்தை இலங்கை அரசு திடீரெனத் தடைசெய்து, அதே ஆண்டில் தடையைக் கைவிட்டதையும் எதிரணி எடுத்துக்காட்டியது. அது விவசாயியைத் தண்டித்த நடவடிக்கை என்பதில் எமக்கும் ஐயமில்லை. ஆனால் அளவறிந்து உரமிடுவதும் மாட்டெருவைச் சேர்ப்பதும் தடைச்சட்டம் அல்ல. உரக் கடைக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைக்கும் வழி.

நம் குடாநாட்டின் கரையோர ஊரான தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டுவிட்டதே, இனிக் கிணற்றைப் பற்றி ஏன் கவலை என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். அந்த நீர் தேவையானது, வரவேற்கிறேன். ஆனால் அதைப் பெற ஓயாது மின்சாரம் வேண்டும், அந்தச் செலவை யாரேனும் சுமக்க வேண்டும். அதைக் கொண்டு மிளகாய்க் கன்றுக்கு இறைத்துக் கட்டுப்படியாகுமா என்று எந்தத் தோட்டக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள். கிணறு உவராகிப் போனபின், தோட்டத்தை நம்பி வாழும் குடும்பத்தின் தனிமனித நலத்துக்கு எதிரணி எந்தக் குழாயைத் திறக்கப்போகிறது? அடுத்து வரும் நண்பர் இதற்கு மட்டுமாவது விடை தரட்டும். நன்றி, வணக்கம்.