அப்பாவின் தீர்ப்பை மகன் ரத்து செய்த கதை: தோற்றுப்போன வாதங்கள்தான் இன்று நம் உரிமைகள்!

வணக்கம் நண்பர்களே. 1976. டெல்லி, உச்ச நீதிமன்றம். ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எமர்ஜென்சி நடந்துகொண்டிருக்கிறது. ஒரு நீதிபதி மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரைப் பார்த்துக் கேட்கிறார்: ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு நீதிமன்றத்தில் ஏதாவது வழி உண்டா? பதில் வருகிறது: எமர்ஜென்சி இருக்கிறவரை, இல்லை.

இப்படி ஒரு பதிலைக் கேட்ட பிறகும் ஐந்து பேரில் நான்கு பேர் அரசு பக்கமே தீர்ப்பு எழுதினார்கள். அந்த நால்வரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். 41 வருடம் கழித்து, 2017-ல், அந்தத் தீர்ப்பு தவறு, அதை ரத்து செய்கிறோம் என்று எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். ஆமாம், அவருடைய மகன்தான்.

முக்கியமான தீர்ப்புகள் ஒரு நாட்டை எப்படி மாற்றுகின்றன என்று பேசும்போது எல்லோரும் ஜெயித்த வழக்குகளைத்தான் வரிசையாகச் சொல்வார்கள். நான் இந்த வீடியோவில் தோற்ற பக்கத்தைக் காட்டப் போகிறேன். ஏனென்றால் இன்று நீங்களும் நானும் உரிமை என்று சொல்லிக்கொள்கிற பலவும், ஒரு காலத்தில் ஏதோ ஒரு நீதிபதி தனியாளாக எழுதி, யாரும் ஏற்காமல் கிடந்தவை. கடைசிவரை பாருங்கள், நடுவில் வருகிற அப்பா மகன் கதைகளை எங்கேயும் தவற விட்டுவிடாதீர்கள்.

முதலில் பின்னணி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு, சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் சொன்னால் நாட்டில் உள்ள எல்லா நீதிமன்றங்களையும் அது கட்டுப்படுத்தும், அதை மாற்ற அதைவிடப் பெரிய அமர்வு, அதாவது இன்னும் அதிக நீதிபதிகள் சேர்ந்து உட்காரும் குழு வேண்டும், இல்லையென்றால் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்ற வேண்டும். அவ்வளவுதான், இதை வைத்துக்கொண்டு மீதியைப் புரிந்துகொள்ளலாம்.

[திரையில்: 1950, ஏ.கே. கோபாலன் எதிர் மதராஸ் மாநிலம்]

சாசனம் நடைமுறைக்கு வந்து நான்கு மாதம்கூட முடியவில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சிறையில் இருக்கிறார், 1947 டிசம்பரிலிருந்தே அடைத்து வைத்திருக்கிறார்கள். 1950-ல் விசாரணை இல்லாமலே ஆளை அடைத்து வைக்க வழி செய்கிற தடுப்புக் காவல் சட்டம் வருகிறது, சிறையில் இருக்கிற மனிதருக்கு அந்தப் புதுச் சட்டத்தின் கீழ் இன்னொரு உத்தரவு போடுகிறார்கள். நேராக உச்ச நீதிமன்றம் போகிறார். அவருக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார், அதாவது அவர் குடும்பம் வரும்.

நம்பியாரின் வாதம் எளிமையானது. நாடாளுமன்றம் ஒரு நடைமுறையைச் சட்டமாக எழுதிவிட்டால் மட்டும் போதாது, அது நியாயமான நடைமுறையாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் எந்த அநியாயத்தையும் சட்டம் என்று எழுதி வைத்துக்கொண்டு ஆளைப் பிடித்து உள்ளே போடலாமே? ஆறு நீதிபதிகள் கேட்டார்கள். எதற்காகக் காவலில் வைத்தார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்றிருந்த ஒரு பிரிவை மட்டும் செல்லாது என்றார்கள், மற்றபடி சட்டம் செல்லும், எழுதிய நடைமுறையைப் பின்பற்றினால் போதும் என்பதுதான் பெரும்பான்மையின் முடிவு. நீதிபதி பசல் அலி இந்த முடிவை ஏற்கவில்லை. அடிப்படை உரிமைகளைத் தனித்தனி அறைகளாகப் பார்க்காதீர்கள், ஒன்றோடு ஒன்று சேர்த்துப் படியுங்கள், விசாரணை என்றால் அதில் இயற்கை நீதி, அதாவது பாதிக்கப்படுபவரின் தரப்பையும் நடுநிலையாகக் கேட்கிற முறை இருக்க வேண்டும் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். எழுதியதோடு சரி, அன்று அதற்குச் சட்ட மதிப்பு எதுவும் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல், தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போக முடியாது. அடுத்த வருடமே, 1951 ஏப்ரலில், செண்பகம் துரைராஜன் வழக்கில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த மதராஸின் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்திருந்த ஆணை அது. வழக்குப் போட்டவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது! ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்ன தீர்ப்பு, மாறுபட்டு எழுத ஒருவர்கூட இல்லை. ஆனால் மாறுபட்ட குரல் தெருவில் எழுந்தது. பெரியார் தொடங்கி மாநிலமே கொந்தளித்தது, ஜூன் மாதத்துக்குள் முதல் அரசியல் சாசனத் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. இன்று கல்வியில் பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு தரும்போது அரசு கைகாட்டுகிற பிரிவு இதுதான். என்னைக் கேட்டால், சுதந்திர இந்தியாவில் ஒரு தீர்ப்பு ஒரு சமூகத்தை இவ்வளவு வேகமாக எழுந்து நிற்க வைத்தது வேறெங்கும் இல்லை. இதற்குத் தனி வீடியோ வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள்.

சரி, மறுபடி 1976-க்கு வருவோம்.

எமர்ஜென்சியில், விசாரணை இல்லாமல் காவலில் வைக்க வழி செய்த மிசா சட்டத்தில் ஆட்களைப் பிடித்து அடைக்கிறார்கள். குடும்பத்தினர் ஆட்கொணர்வு மனு, அதாவது அடைத்தவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து காவல் சரியா என்று பாருங்கள் என்று கேட்கும் மனு போடுகிறார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் மனுவை விசாரிக்கலாம் என்று சொல்லிவிட்டன, இதை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் அந்தப் பயமான நாளில் அப்படி எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அரசு மேல்முறையீடு போனது. அதுதான் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கு. ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு: ஏ.என். ரே, எம்.எச். பெக், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி ஆகிய நால்வரும் காவலில் இருப்பவர் நீதிமன்றத்துக்கு வரவே முடியாது என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டவரும் இவர்தான். இந்தத் தீர்ப்பு எனக்குத் தலைமை நீதிபதி பதவியை இழக்க வைக்கும் என்று தன் தங்கையிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். அப்படியே நடந்தது. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி அவருக்கு இளையவரான பெக்கைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள், கன்னா ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகவே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எமர்ஜென்சி முடிந்து ஜனதா ஆட்சி வந்தது. 1977 ஜூலையில் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லி அரசு உத்தரவு போடுகிறது. ஏன் என்று கேட்டால், பொதுநலன் கருதிக் காரணம் சொல்ல முடியாது என்கிறது. எமர்ஜென்சியைக் கொண்டுவந்த இந்திரா காந்தியின் மருமகள்தான் வழக்குப் போடுகிறார், அதுவும் தனிமனித சுதந்திரம் கேட்டு! சிலருக்கு இது எரிச்சலாக இருக்கலாம். ஆனால் உரிமை வழக்குகளில் மனுதாரர் யார் என்று பார்க்கத் தொடங்கினால் பாதி உரிமைகளை நாம் இழந்திருப்போம் என்பது என் கருத்து.

ஏழு நீதிபதிகள் அமர்வு. 1978 ஜனவரி 25 அன்று தீர்ப்பு. சட்டத்தில் ஒரு நடைமுறை எழுதியிருந்தால் மட்டும் போதாது, அது நியாயமாக, முறையாக இருக்க வேண்டும், தன்னிச்சையாக இருக்கக் கூடாது, பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்க வேண்டும். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 28 வருடம் முன்பு நம்பியார் வாதாடித் தோற்றது, பசல் அலி எழுதி ஒதுக்கப்பட்டது, அதேதான். 1970-ல் வங்கிகள் தேசியமய வழக்கிலேயே கோபாலன் தீர்ப்பின் அடித்தளம் ஆட்டம் கண்டிருந்தது, மேனகா வழக்கில் முழுதாகக் கவிழ்ந்தது.

இப்போது அந்த ஏழு பேர் யார் என்று பாருங்கள். தலைமை நீதிபதி பெக். கூடவே சந்திரசூட், பகவதி. மூன்று பேருமே ஜபல்பூர் வழக்கில் அரசு பக்கம் நின்றவர்கள்! இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இந்தத் தீர்ப்பின் மையப் பகுதியை எழுதியவர் பகவதி. குற்ற உணர்வா, காலம் மாறிய தைரியமா, யாருக்குத் தெரியும், ஆனால் அவரே பல வருடம் கழித்து, 2011-ல், ஜபல்பூரில் நான் செய்தது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி கைலாசம் இந்த முறை மாறுபட்டு எழுதினார்.

அப்புறம் இன்னொரு பெயர் அந்த ஏழில் இருக்கிறது. முர்தசா பசல் அலி. 1950-ல் மாறுபட்டு எழுதினாரே பசல் அலி, அவருடைய மகன்! அப்பாவின் தோற்ற வாதம் சட்டமான அமர்விலேயே மகன் உட்கார்ந்திருக்கிறார். முதன்முதலில் இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது, இப்போது சொல்லும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

இதனால் சாமானியருக்கு என்ன கிடைத்தது? பாஸ்போர்ட் வழக்குதானே என்று நினைக்காதீர்கள். 1979-ல் பீகார் சிறைகளில், குற்றம் நிரூபணமானால் கிடைக்கிற தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்களை உச்ச நீதிமன்றம் விடுவிக்கச் சொன்னது, விரைவான விசாரணை 21-வது பிரிவின் பகுதி என்றது. 1996-ல் டி.கே. பாசு வழக்கில், கைது செய்யும் போலீஸ் பெயர் தெரியும் பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வாங்க வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றெல்லாம் விதி வந்தது. உங்கள் வீட்டில் யாரையாவது கைது செய்தால் நீங்கள் கேட்க வேண்டியவை இவை, தயவுசெய்து இந்தப் பகுதியை மட்டுமாவது தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். நாடாளுமன்றமும் சும்மா இருக்கவில்லை, 44-வது திருத்தம் மூலம் எமர்ஜென்சியிலும் 21-வது பிரிவை நிறுத்தி வைக்க முடியாது என்றாக்கியது.

[திரையில்: 2017 ஆகஸ்ட் 24]

ஆதாரை எதிர்த்து ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி 2012-ல் போட்ட வழக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்று கேள்வி வந்ததும் ஒன்பது நீதிபதிகள் அமர்வு போட்டார்கள். மத்திய அரசு, அப்படிப் பொதுவான அடிப்படை உரிமை எதுவும் இல்லை என்றது. அரசுக்காக வாதாடிய தலைமை வழக்கறிஞர் கே.கே. வேணுகோபால், எம்.கே. நம்பியாரின் மகன். 1950-ல் அப்பா குடிமகன் பக்கம் நின்று தோற்றார், 2017-ல் மகன் அரசு பக்கம் நின்றார். இதற்காக அவரைத் திட்டி கமெண்ட் போடாதீர்கள், அரசுக்காக வாதாடுவது அவர் வேலை.

ஒன்பது பேரும் ஒரே முடிவு: அந்தரங்கம் அடிப்படை உரிமை. அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, 1962-ல் கரக் சிங் வழக்கில் சுப்பா ராவ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, போலீஸ் கண்காணிப்பைப் பற்றியது. அதே தீர்ப்பில்தான் டி.ஒய். சந்திரசூட், ஜபல்பூர் பெரும்பான்மை நீதிபதிகள் நால்வரின் தீர்ப்பும் கடுமையான குறை கொண்டவை என்று எழுதி ரத்து செய்தார். அந்த நால்வரில் தன் அப்பா இருக்கிறார் என்று தெரிந்தேதான். கன்னா எழுதியது சரி என்றானது. அடுத்த வருடம், தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவை எதிர்த்த வழக்கில் தன்பாலின உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்க இந்த அந்தரங்கத் தீர்ப்பு பெரிய பலமாக இருந்தது. இன்னொன்று, 2024-ல் டி.ஒய். சந்திரசூட் ஓய்வு பெற்றதும் தலைமை நீதிபதி ஆனவர் சஞ்சீவ் கன்னா. எச்.ஆர். கன்னாவின் அண்ணன் தம்பி வழியில் மகன் முறை.

அதனால்தான் கேட்கிறேன், செய்தியில் நான்குக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு என்று வந்தால் அந்த ஒன்றையும் இரண்டையும் தேடிப் படியுங்கள். 2018-ல் ஆதார் சட்டம் செல்லும் என்று நான்கு நீதிபதிகள் சொன்னபோது, அதைப் பண மசோதாவாக, அதாவது மாநிலங்களவையின் ஒப்புதல் தேவைப்படாத வகை மசோதாவாக நிறைவேற்றியது அரசியல் சாசனத்துக்கு இழைத்த மோசடி என்று தனியாக எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். அடுத்த வருடமே பண மசோதா பற்றிய அந்தக் கேள்வியை இன்னும் பெரிய அமர்வுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மாறுபட்ட தீர்ப்பு ஒரு நாள் சட்டமாகுமா ஆகாதா, உங்கள் கணிப்பைக் காரணத்தோடு கீழே எழுதுங்கள், நான் ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.