ஓக்லஹோமாவில் வளர்ந்த அணி

நேயர்களுக்கு வணக்கம்.

2021 டிசம்பர் 2ஆம் தேதி. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், என்பிஏ என்ற தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியின் ஓர் ஆட்டம். ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி 152க்கு 79 என்று தோற்றது. 73 புள்ளி வித்தியாசம். என்பிஏ வரலாற்றில் இதைவிடப் பெரிய தோல்வி எந்த அணிக்கும் அதுவரை நேர்ந்ததில்லை. அதே தண்டர் அணிதான் 2025 ஜூனில் இண்டியானா அணியை இறுதித் தொடரின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தில் வென்று சாம்பியன் ஆனது. தோற்ற அன்றும் வென்ற அன்றும் பயிற்சியாளர் ஒருவரே, மார்க் டேக்னால்ட்.

இது எப்படி நடந்தது என்று கேட்டால், பெரும்பாலோர் டிராஃப்டைத்தான் சொல்வார்கள். புதிதாக வரும் இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கிற ஏற்பாடு அது. மோசமாகத் தோற்ற அணிக்கு முன்வரிசை கிடைக்க வாய்ப்பு அதிகம். 2019 ஜூலையில் தண்டரின் பொது மேலாளர் சாம் பிரெஸ்டி, பால் ஜார்ஜ் என்ற நட்சத்திரத்தை கிளிப்பர்ஸ் அணிக்குக் கொடுத்தார். பதிலுக்கு ஐந்து முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளோடு, 21 வயதைத் தொடவிருந்த ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரும் வந்தார். 2022இல் 12ஆவது ஆளாக எடுத்த ஜேலன் வில்லியம்ஸும் அந்த உரிமைகளில் ஒன்றின் வழியாக வந்தவர்தான். சரி, இது பெரிய சாமர்த்தியம்தான். மறுக்கவில்லை.

ஆனால் ஃபிலடெல்ஃபியா அணியும் இதே வழியில்தான் போனது. 2013இலிருந்து மூன்று ஆண்டுகள் தோற்றுத் தோற்று முன்வரிசை இடங்களைச் சேர்த்தார்கள். 2015-16 சீசனில் 82 ஆட்டங்களில் வென்றது பத்தே பத்து. ஜோயல் எம்பீட் என்ற அபூர்வமான ஆட்டக்காரர் கிடைத்தும், பிளேஆஃபில், அதாவது சீசன் முடிவில் முன்னணி அணிகள் கோப்பைக்காக மோதும் கட்டத்தில், 2025 வரை இரண்டாம் சுற்றைத் தாண்ட முடியவில்லை. வரிசையில் முன்னால் நிற்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

தண்டர் அணியின் கதையில் என் மனதைத் தொடுவது, வரிசையின் கடைசியில் நின்றவர்கள். 2019 டிராஃப்டில் 60 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். லூகென்ஸ் டோர்ட் அந்த 60இல் இல்லை. ஆரன் விக்கின்ஸ் 2021இல் 55ஆவது ஆள். ஐசையா ஜோவை இன்னொரு அணி வேண்டாம் என்று விடுவித்த பிறகுதான் ஓக்லஹோமா எடுத்துக்கொண்டது. இவர்கள் மூவரும் சாம்பியன் அணியில் ஆடினார்கள். என்பிஏவின் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் என்று ஆண்டுதோறும் அறிவிக்கும் பட்டியலில், டோர்ட் 2025இல் முதல் ஐவரிலேயே இடம்பிடித்தார்.

இப்படிப்பட்டவர்களைத் தேற்றி எடுக்க ஓக்லஹோமாவிடம் ஒரு களம் இருந்தது. ப்ளூ என்ற அவர்களுடைய துணை அணி, ஜி லீக் என்ற இரண்டாம் நிலைப் போட்டியில் ஆடுகிறது. அங்கே கூட்டமும் குறைவு, சம்பளமும் குறைவு. டேக்னால்ட் 2014 முதல் ஐந்து ஆண்டுகள் அங்கேதான் பயிற்சியாளராக இருந்தார். முதன்மை அணியின் பொறுப்பு 2020இல் கைக்கு வந்தபோது அவருக்கு 35 வயது. பெரிய பெயர் எதுவும் இல்லை. ஆனால் யாரும் சீண்டாத பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். முதல் இரண்டு சீசன்களிலும் சேர்த்து 46 வெற்றிகள்தான், தோல்விகளோ 108. நிர்வாகம் அவரை மாற்றவில்லை. மூன்று தோல்விக்கு ஒரு பயிற்சியாளர் தலையை உருட்டும் காலத்தில் இந்தப் பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதே ப்ளூ அணியில் 2016-17இல் ஆடிய ஒருவர் அலெக்ஸ் கருசோ. அவரையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. அப்புறம் லேக்கர்ஸ் அணியில் சேர்ந்து 2020இல் கோப்பை வென்றார், பிறகு சிகாகோ போனார். 2024இல் தண்டர் அணி, தான் ஆறாவது ஆளாக எடுத்து வளர்த்த 21 வயது ஜாஷ் கிட்டியை சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டு, 30 வயது கருசோவைத் திரும்ப அழைத்துக்கொண்டது. இளைஞர்களை வைத்தே அணி கட்டியவர்கள், இளமை போதும், இனி அனுபவம் வேண்டும் என்று முடிவெடுத்த இடம் இது. என் பார்வையில் மொத்தத் திட்டத்திலும் மிகத் துணிச்சலான முடிவு இதுதான். 2025 மே மாதம் டென்வர் அணிக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அதன் பலன் தெரிந்தது. டென்வரின் 211 சென்டிமீட்டர் உயர நட்சத்திரம் நிக்கோலா யோக்கிச்சை, 196 சென்டிமீட்டர் கருசோ உடம்போடு உடம்பாக நின்று மறித்தார். எந்தப் பக்கமிருந்து பாஸ் வரும் என்று முன்பே தெரிந்தவர்போலக் கை நீட்டினார். ஓக்லஹோமா 125-93 என்று வென்றது.

இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத பக்கமும் உண்டு. 2021 மார்ச்சில், ஆடும் உடல்தகுதியோடு இருந்த மூத்த வீரர் ஆல் ஹோர்ஃபர்டை மீதி சீசன் முழுக்க ஆட வைக்கவில்லை. தோற்றால் டிராஃப்டில் முன்னால் நிற்கலாம் என்றாலும், பணம் கொடுத்து அரங்குக்கு வரும் ரசிகனுக்கு அது நியாயமில்லை. விதி அதற்கு இடம் கொடுக்கிறது என்றால் விதியைத்தான் திருத்த வேண்டும்.

ஆனாலும் களத்தில் இறங்கியவர்கள் மனம் விட்டுவிடவில்லை. ஆட்டம் முடிந்து ஒருவரைத் தொலைக்காட்சி பேட்டிக்கு அழைத்தால், மொத்த அணியும் வந்து அவரைச் சுற்றி நின்றுகொள்ளும். 2024-25இல் சராசரியாக ஆட்டத்துக்கு 32.7 புள்ளி எடுத்த ஷேயாக இருந்தாலும் தனியாக நின்று பேசமாட்டார்.

இனி அவர்களுக்கு வேறு வகைச் சிக்கல். ஷே, ஜேலன் வில்லியம்ஸ், இன்னொரு இளம் நட்சத்திரமான செட் ஹோம்கிரன் ஆகிய மூவருக்கும் 2025 ஜூலையில் பெருந்தொகைக்குப் புதிய ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். சம்பளச் செலவு ஓர் அளவைத் தாண்டினால் என்பிஏ விதிகள் அணியின் கையைக் கட்டிப்போடும். அப்போது கூட இருந்து வளர்ந்தவர்களில் சிலரை அனுப்பித்தான் ஆகவேண்டியிருக்கும். டோர்ட்டை அப்படி ஒரு கணக்குக்காக விட்டுவிடக் கூடாது என்பது என் ஆசை.

நன்றி, வணக்கம்.