பெற்றோல் தீர்ந்து நின்ற போட் மோட்டாரைத் திரும்ப எழுப்புவது எப்படி? | மட்டக்குளி

வணக்கம் எல்லாருக்கும். களனி கங்கை கடலில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, மட்டக்குளிப் பக்கம் ஆற்றில் நிற்கிறேன். எதிரே தெரிவது வத்தளைக் கரை. இன்றைக்கு வேண்டுமென்றே டாங்கியைக் காய விடப் போகிறேன். ஏனென்றால் நிறையப் பேர் சொல்லுகிற கதை ஒன்றுதான்: பெற்றோல் ஊற்றியாச்சு, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுபோச்சு, மோட்டார் எழும்பவே இல்லை.

சத்தத்தைக் கேளுங்கள். ஏறுகிறது, இல்லையா? பெற்றோல் முடிகிற நேரத்தில் இந்த இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் கொஞ்சம் வேகமெடுத்துக் கத்தும். உள்ளே பெற்றோல் குறைந்து காற்று கூடுவதால் வருகிற வேகம் அது. ஆயிலும் பெற்றோலோடு கலந்துதான் போகிறது, அதனால் பிஸ்டனுக்கு அப்போது ஆயிலும் பற்றாது. சத்தம் மாறியவுடன் த்ரொட்டிலைக் குறைத்துவிடுங்கள். சரி, நின்றுவிட்டது.

மோட்டாரைத் தொட முதல் நங்கூரத்தைப் போடுங்கள். ஆறு சும்மா கிடப்பதுபோலத்தான் தெரியும், ஆனால் அந்தக் கரையில் இருக்கிற மரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள், எவ்வளவு நகர்ந்துவிட்டோம் பாருங்கள். மேலே மழை பெய்தால் தண்ணீர் முகத்துவாரத்தை நோக்கித் தள்ளும். தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் அங்கே எதிரே அலையும் நிற்கும். ஓடாத மோட்டாரோடு போகிற இடமில்லை அது.

நங்கூரம் பிடித்தாச்சு. இனிப் பெற்றோல். கரையிலேயே கலந்து கானில் வைத்திருக்கிறேன். இந்த மோட்டாருக்கு 50க்கு 1, அதாவது 5 லீற்றருக்கு 100 மில்லி ஆயில். உங்களுடையதற்கு எவ்வளவு என்பதை மோட்டாரோடு வந்த புத்தகத்தில் பாருங்கள். கானை அடிவரை கவிழ்க்காதீர்கள், தண்ணீரும் தூசியும் அடியில்தான் தங்கும். போட்டில் யாராவது சிகரெட் வைத்திருந்தால் தண்ணீரில் போடச் சொல்லுங்கள்.

இப்போதுதான் எல்லாரும் கயிற்றில் பாய்வார்கள். பாயாதீர்கள். டாங்கியில் பெற்றோல் இருக்கிறது, ஹோஸ் முழுக்கக் காற்று, காபரேட்டர் வெறுமை. கயிற்றை இழுத்தே அந்தப் பெற்றோலை மேலே ஏற்றுவதென்றால் பொழுது போய்விடும். அதற்குத்தான் ஹோஸின் நடுவில் இந்த ரப்பர் பம்பு இருக்கிறது. கேமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன். இதன் மேல் ஓர் அம்புக்குறி தெரிகிறதா? அது மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். டாங்கி மூடியில் இருக்கிற காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள். பம்பை அம்பு மேலே பார்க்கிற மாதிரி நிமிர்த்திப் பிடித்து அமுக்குங்கள். முதலில் தொளதொளவென்று இருக்கும், காற்று போகிற சத்தம்கூடக் கேட்கும். அப்புறம் பாரமாகும். பிறகு... இதோ, கல் மாதிரி ஆகிவிட்டது, இதற்கு மேல் அமுங்காது. அதோடு நிறுத்துங்கள்.

எவ்வளவு அமுக்கியும் இறுகவில்லையா? ஹோஸ் மோட்டாரில் மாட்டுகிற இடத்தைப் பாருங்கள். அங்கே உள்ள சின்ன ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் பெற்றோலுக்குப் பதில் காற்றைத்தான் உறிஞ்சும். பம்பு சப்பையாகிப் போய் அப்படியே நின்றால் காற்றுத் திருகு மூடியிருக்கிறது.

கியர் நியூட்ரலில். ஆள் தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்துகிற சிவப்புச் சுருள் கயிற்றின் கிளிப் தன் இடத்தில், மறு முனை உங்கள் மணிக்கட்டில். மோட்டார் சூடாகத்தான் இருக்கிறது, காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டுகிற சோக் வேண்டாம். கயிற்றை மெல்ல இழுத்து, பிடிக்கிற இடம் வந்ததும் ஒரே வீச்சு. பிடிக்காவிட்டால் சோக்கை இழுத்துப் பாருங்கள், இருமியவுடன் உள்ளே தள்ளிவிடுங்கள்.

ஆ, வந்துவிட்டது! பின்பக்கம் பாருங்கள், தண்ணீர் நூலாகப் பீய்ச்சுகிறதா? அது வராவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும், மோட்டார் சூடேறிவிடும்.

பெற்றோல் வாடை மூக்கில் ஏறியும் எழும்பவில்லை என்றால் அளவுக்கு மேல் போய்விட்டது. சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, த்ரொட்டிலைத் திறந்து வைத்து இழுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் ப்ளக்கைக் கழற்றித் துடைத்துக் காய வையுங்கள்.

மண்ணெண்ணெய் மோட்டார் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், கடைசிச் சொட்டுவரை ஓட்டுகிற ஆசையும் புரிகிறது. ஆனால் காய்ந்து நின்ற பிறகு மண்ணெண்ணெயிலேயே எழுப்பப் பார்க்க வேண்டாம், மோட்டார் ஆறிவிட்டால் அது பற்றாது. எழுப்புவதற்கென்று தனியாக இருக்கிற சின்ன டாங்கிப் பெற்றோலில் எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். அந்தச் சின்ன டாங்கியை மட்டும் எப்போதும் நிரப்பியே வைத்திருங்கள்.

சரி, மழை இருட்டிக்கொண்டு வருகிறது, நான் நங்கூரத்தைத் தூக்குகிறேன். அடுத்த வீடியோவில் காபரேட்டரைக் கழற்றிக் காட்டுகிறேன்.