இடுப்பு மூட்டும் திருவலையும்

(இயன்மருத்துவ (பிசியோதெரபி) மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த வெள்ளவத்தைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னர் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, வார்ட்டில் வேலை முடிந்த கையோடு வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் மூத்த இயன்மருத்துவர்களே, மழையையும் காலி வீதி நெரிசலையும் பொருட்படுத்தாமல் வந்த பெற்றோரே, நாளைக்கு எங்கள் முழங்கால்களையும் முதுகுகளையும் பொறுப்பெடுக்கப்போகும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். மங்கல விளக்கேற்றிய ஓய்வுபெற்ற அதிபர் அம்மா அவர்களைத் தனியே குறிப்பிடாமல் மேலே போக எனக்கு மனம் வராது. இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர் அவர். அவர் முன்னால் பேசுவதே எனக்குப் பெருமை.

இயன்மருத்துவப் பட்டமேற்படிப்பின் கல்வித் தரமும் குறிக்கோளும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று விடயங்களைப் பேச எண்ணியிருக்கிறேன். யாரைச் சேர்ப்பது, எப்படிச் சோதிப்பது, எந்த ஆய்வைச் செய்விப்பது.

என் தகப்பனார் எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார்: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இயன்மருத்துவத்தின் பாதி அதற்குள் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பக்கவாதத்தில் விழுந்த கை ஒரே நாளில் எழும்புவதில்லை. பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யச் செய்யத்தான் மூளை புதிய வழிகளைப் பழகுகிறது.

சரி, தரத்துக்கு வருவோம். உலக இயன்மருத்துவச் சம்மேளனம் 1951இல் கோப்பன்ஹேகனில் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்காவில் கிறைட்டன் பல்கலைக்கழகம் 1993இல் இத்தொழிலுக்குள் நுழைவதற்கான படிப்பையே கலாநிதிப் பட்டமாக நடத்தத் தொடங்கியது. 2016 முதல் அங்கே அங்கீகாரம் பெறும் எல்லாக் கற்கைநெறிகளும் அந்த மட்டத்தில்தான் இருக்க வேண்டும். இளமாணிப் பட்டத்துக்கு மேல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். பெரும்பாலான இடங்களில் சராசரிப் புள்ளி 4க்கு 3க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கைக் கடிதம் வரும். அதற்குப் பிறகும் ஏறாவிட்டால் வெளியே. படித்து முடித்தபின் தொழில் செய்ய அனுமதி பெறும் பரீட்சையில் 800க்கு 600 எடுக்க வேண்டும். தன் பட்டதாரிகளில் 85 வீதமானோரையாவது அதில் சித்தியடையச் செய்யாத நிறுவனம் அங்கீகார சபைக்குப் பதில் சொல்ல வேண்டும். மாணவர் தவறினால் நிறுவனத்தையும் கேள்வி கேட்கும் இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

எங்கள் நாட்டிலும் பட்டங்களை மட்டம் மட்டமாக வரிசைப்படுத்தும் சட்டகம் இருக்கிறது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். ஆய்வோடு கூடிய முதுமாணி பத்தாம் மட்டம், படிப்பின் அளவைக் காட்டும் திறமைப் புள்ளிகள் 60. ஒரு காலத்தில் டிப்ளோமாவோடு நின்ற தொழில் இன்று பல்கலைக்கழகப் பட்டமாகி, அதற்கு மேலும் ஏறுகிறது. ஏறட்டும். ஆனால் ஏறும்போது எதை அளக்கிறோம்? இங்கேதான் என் பெரியம்மாவின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரியம்மா நெல்லியடிக்காரி. மகளோடு கொட்டாஞ்சேனையில் இருந்தா. ஆடிவேல் பார்க்கப் புறப்பட்ட காலையில் குளியலறையில் சறுக்கி விழுந்தா. தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்து செயற்கை மூட்டு வைத்தார்கள். சத்திரசிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. அடுத்த நாளே எழுப்பி நடக்க வைத்தார்கள். வீட்டுக்கு விடும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், சிங்களத்தில் மறுபக்கம். கால்மேல் கால் போடக் கூடாது, இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடிக்கக் கூடாது, பதிவான இடத்தில் இருக்கக் கூடாது. பொறுப்பான பிசியோ ஆறுதலாக, அன்பாக, ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னார். பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் “ஓம் டொக்டர், ஓம் டொக்டர்” என்றா. எங்கள் ஆட்களுக்கு வைத்தியர் முன்னால் “விளங்கவில்லை” என்று சொல்வது மரியாதைக் குறைவு!

வீட்டுக்கு வந்தா. சுகம் விசாரிக்க ஊர்ச்சனம் திரண்டது. வந்தவர்களை வெறுவயிற்றோடு அனுப்புவாவா? இடியப்பத்துக்குச் சம்பல் வேண்டுமே. மகள் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, திருவலையில் குந்தி, பாதித் தேங்காயைக் கையில் எடுத்தா. மூட்டு கழன்றுவிட்டது. அவ போட்ட சத்தம் மூன்றாம் மாடிக்குக் கேட்டதாம். திரும்ப அம்புலன்ஸ், திரும்ப மயக்கமருந்து, மூட்டைத் திரும்பப் பொருத்தினார்கள்.

இரண்டாம் முறை வார்ட்டில் இறுதியாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். மாத்தறைப் பிள்ளை, தாய்மொழி சிங்களம். விடுதியில் மட்டக்களப்புப் பிள்ளையோடு ஒரே அறையில் இருந்து தமிழ் பழகியவள். கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்: “அம்மா, வீட்டில எங்க இருந்து சமைக்கிறனீங்க?”

“நிலத்திலதான் பிள்ளை.”

“தேங்காய்?”

“திருவலையில குந்தித்தான். வேற எப்பிடி?”

“இனிக் குந்த வேணாம் அம்மா. மேசையில பூட்டுற திருவலை இருக்குத்தானே, மகளிட்டச் சொல்லி அத வாங்குங்க.”

அவ்வளவுதான். புறக்கோட்டையில் மருமகன் வாங்கி வந்தான். பெரியம்மா உயரமான கதிரையில் இருந்து திருவினா. கொஞ்ச நாளில் ஊன்றுகோலோடு பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கும் போய் வந்தா.

நான் அந்தப் பிள்ளையிடம் பிறகு கேட்டேன்: “தங்கச்சி, இதுக்கு உங்களுக்கு எத்தனை புள்ளி போட்டவை?” அவளுடைய மதிப்பீட்டுத் தாளில் மூட்டு அசைவை அளப்பதற்குப் புள்ளி இருந்தது, தசை வலுவுக்கு இருந்தது, குறிப்பு எழுதுவதற்கு இருந்தது. நோயாளியின் மொழியில் கேட்டு விளங்கியதற்கு ஒரு கோடுகூட இல்லை.

ஆகவே எப்படிச் சோதிப்பது என்ற இரண்டாம் விடயத்திலேயே நான் நின்றுவிடப் போகிறேன். 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் ஹார்டனும் அவரோடு சேர்ந்தவர்களும் உலகுக்கு அறிமுகப்படுத்திய மாணவரின் செய்முறைத் திறனைச் சோதிக்கும் ஓஸ்கி (OSCE) முறைப் பரீட்சையை இங்கே எல்லா மாணவரும் அறிவார்கள். மணி அடிக்க அடிக்க ஒவ்வொரு நிலையமாகப் போக வேண்டும். நோயாளியாக நடிக்கவென்றே பயிற்றப்பட்ட ஒருவர் அங்கே இருப்பார். நான் கேட்பது, அந்த நிலையங்களில் ஒன்று தமிழில், ஒன்று சிங்களத்தில் நடக்கட்டும். இரண்டிலும் சித்தியடையாமல் பட்டமேற்படிப்பு முடியக் கூடாது. தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதில் விலக்கு வேண்டாம். காலியில் ஒரு மீனவரின் தோளைப் பார்க்கப் போகிறவர் அவரோடு சிங்களத்தில் பேசட்டும். நுவரெலியாவில் கொழுந்து பறிக்கும் அக்காவின் முதுகைப் பார்க்கப் போகிறவர், கூடையின் பாரம் தலையிலா முதுகிலா தங்குகிறது என்று அவவிடமே தமிழில் கேட்கட்டும்.

இது சலுகைக் கோரிக்கை அல்ல. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 2007இல் வந்த 07/2007ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, புதிதாக அரச சேவையில் சேர்வோர் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. சட்டம் எழுதியாயிற்று. வார்ட்டில் அது நடைமுறைக்கு வர வேண்டுமென்றால் பரீட்சைத் தாளில் புள்ளியாக வர வேண்டும். புள்ளி உள்ளதைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள். அதிபர் அம்மா தலையாட்டுகிறா!

இதை நான் பல கூட்டங்களில் கேட்டுவிட்டேன். பாடத்திட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது என்றார்கள், பரீட்சகர்கள் போதாது என்றார்கள். இரண்டும் உண்மையான சிரமங்கள்தான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று இருந்த இடத்திலேயே மறுபடி கேட்கிறேன். பரீட்சகர் போதாதென்றால் எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நோயாளியாக நடிக்க வருவார்கள். அவர்களைவிட நன்றாக முழங்கால் வலியைச் சொல்ல யாரால் முடியும்?

யாரைச் சேர்ப்பது என்பதற்கு நேரமில்லை. ஆய்வைப் பற்றிப் பேராசிரியர் அவர்களே விரிவாகச் சொல்லிவிட்டார். தலைவர் மணியைப் பார்க்கிறார்.

வாசலில் உள்ள மேசையில் பீடச் சபைகளுக்கான கடிதம் மூன்று மொழிகளிலும் இருக்கிறது. வாசித்து, இணங்கினால் மட்டும் முழுப் பெயரோடு கையொப்பம் இடுங்கள். பக்கத்திலேயே இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கான அறிவுறுத்தல் தாள், தமிழில், படங்களோடு இருக்கிறது. எங்கள் மாணவர்கள் எழுத, மூத்த இயன்மருத்துவர்கள் பார்த்துத் திருத்தித் தந்தது. திருவலைக்கும் அதில் ஒரு படம் உண்டு. வீட்டில் தேவைப்படுபவர்கள் எடுத்துச் செல்லுங்கள். வணக்கம்.