3 லட்சம் கடன் 1.5 லட்சத்தில் முடியுமா? செட்டில்மென்ட்டின் உண்மையான செலவு இதோ!

வணக்கம் மக்களே. தண்டையார்பேட்டையிலிருந்து பேசுகிறேன்.

"சார், உங்கள் 3 லட்சம் கடனை ஒன்றரை லட்சத்தில் முடித்துக் கொடுக்கிறோம். ஏஜென்ட் தொல்லை இருக்காது, எல்லாம் லீகலாகப் பார்த்துக்கொள்வோம்." இந்த போன் உங்களுக்கு வந்திருக்கும். போன் வரவில்லையென்றால் ரீல்ஸுக்கு நடுவில் விளம்பரமாவது வந்திருக்கும். அந்த ஒன்றரை லட்சம் கடைசியில் எவ்வளவில் போய் நிற்கும் தெரியுமா? இரண்டரை லட்சத்துக்கும் மேலே. கணக்கை ஒவ்வொரு வரியாகப் போட்டுக் காட்டுகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. சென்னைக்காரனுக்கென்று 1909இல் போட்ட ஒரு திவால் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதன்படி டீக்கடையில் கணக்கு வைத்ததற்குக்கூட ஜெயில் உண்டு. நிஜமாகத்தான். நடுவில் வருகிறது, ஓட்டிவிடாதீர்கள்.

முன்கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். கடன் தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் வங்கிக் கணக்கில் அது வாராக்கடன். அதற்கப்புறம் "இவ்வளவு கட்டு, மீதியை விட்டுவிடுகிறோம்" என்று வங்கி ஒத்துக்கொண்டால் அதுதான் ஒன் டைம் செட்டில்மென்ட், சுருக்கமாக ஓ.டி.எஸ். இதற்கான விதிமுறைகளை ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8ஆம் தேதி வெளியிட்டது. ஆனால் எனக்குத் தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும் என்று வங்கியிடம் சட்டை பிடித்துக் கேட்க முடியாது. அது அவர்கள் விருப்பம். நகைக்கடன், வீட்டுக்கடன் என்றால் பொருள் அவர்கள் கையில் இருக்கிறது. பெரிதாக விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதனால் இன்றைக்குப் பேச்சு கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் பற்றித்தான்.

[திரையில்: வெள்ளைப் பலகை, கையால் எழுதும் கணக்கு]

கொருக்குப்பேட்டையில் ஒரு டிரெய்லர் டிரைவர் அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். ஹார்பருக்கு கன்டெய்னர் அடிக்கிறார். கார்டு பாக்கி 3,00,000 ரூபாய். செட்டில்மென்ட் கம்பெனி அவரிடம் சொல்லும் முதல் விஷயம்: "இனிமேல் ஒரு பைசா கட்டாதீர்கள். கட்டிக்கொண்டிருந்தால் வங்கி இறங்கி வராது." அது உண்மைதான். ஆனால் அங்கேதான் மீட்டர் ஓட ஆரம்பிக்கிறது.

கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன். மாதத்துக்கு 10,500. எட்டு மாதம் கட்டாமல் இழுத்தால் 84,000. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு, 15,120. வட்டிக்கு வட்டியைச் சேர்க்கவில்லை, தாமதக் கட்டணத்தைச் சேர்க்கவில்லை. அதற்கே பாக்கி 3,99,120 ஆகிவிட்டது.

இப்போது வங்கி "சரி, பாதி கட்டு" என்கிறது. எதில் பாதி? மூன்று லட்சத்திலா, 3,99,120லா? விளம்பரத்தில் காட்டியது மூன்று லட்சத்தின் பாதி. வங்கி கொடுக்கும் செட்டில்மென்ட் கடிதத்தில் வருவது அன்றைய தேதிக் கணக்கின் பாதி: 1,99,560.

அப்புறம் கம்பெனி ஃபீஸ். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ரேட். கணக்குக்காக 15 சதவீதம் என்று வைக்கிறேன். இந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 15 சதவீதம் எதன்மேல்? மிச்சப்படுத்திக் கொடுத்த தொகையின்மேலா, சேர்ந்த நாளில் இருந்த மொத்தக் கடனின்மேலா? மொத்தக் கடன் என்று போட்டிருந்தால் 45,000, ஜி.எஸ்.டி. 8,100, ஆக மொத்தம் 53,100.

கூட்டுங்கள். 1,99,560 உடன் 53,100. மொத்தம் 2,52,660.

பாதி என்றார்கள், ஆறில் ஐந்து பங்கு போய்விட்டது. 3 லட்சத்தில் மிச்சம் 47,340 ரூபாய். அதற்காக எட்டு மாதம் போனை சைலன்ட்டில் போட்டுக்கொண்டு வாழ வேண்டும். ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் போன் செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நடுவில் இருக்கும் 11 மணி நேரம் அவருடையது.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டவே வழியில்லாமல் ஏற்கெனவே தவணை நின்றுபோனவருக்கு அந்த வட்டி எப்படியும் ஏறத்தான் போகிறது. அவருக்கு செட்டில்மென்ட் நல்ல வழியாகவே இருக்கலாம். சிரமப்பட்டாவது கட்டிக்கொண்டிருக்கிற ஆளை "நிறுத்து" என்று சொல்லிக் கூப்பிடுகிறார்களே, எனக்குக் கோபம் அங்கேதான். இன்னொரு விஷயத்தை அவர்கள் சொல்வதில்லை. வங்கிக்கு ஆட்டோ டெபிட் கொடுத்துவிட்டுக் கணக்கில் பணம் வைக்காவிட்டால், செக் திரும்பின மாதிரியே அதற்கும் கிரிமினல் கேஸ் போட 2007ஆம் வருடச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அமெரிக்காவில் 2010இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். போன் வழியாக ஆள் பிடிக்கும் செட்டில்மென்ட் கம்பெனி, ஒரு கடனையாவது முடித்துக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு டாலர்கூட ஃபீஸ் வாங்கக்கூடாது. இங்கே சேரும்போதே ஒரு தொகை, மாதாமாதம் ஒரு தொகை. அந்த விதியைக் கப்பலில் ஏற்றி அனுப்பினால் நம்ம அண்ணனே ஹார்பரிலிருந்து எடுத்து வந்துவிடுவார்.

சரி, கடிதத்துக்கு வருவோம்.

[திரையில்: மாதிரிக் கடிதம், பெயர், எண் மறைக்கப்பட்டது]

வங்கியின் லெட்டர்ஹெட், உங்கள் கடன் கணக்கு எண், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, இது கட்டினால் கணக்கு முழுமையாக முடிந்தது என்ற வரி. இத்தனையும் ஒரே தாளில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் மெசேஜ் கடிதம் ஆகாது. பணம் கடன் கணக்குக்குத்தான் போக வேண்டும், ஏஜென்ட்டின் ஜிபேவுக்குப் போகக்கூடாது. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ஒரு தவணை தவறினாலும் இந்தச் சலுகை ரத்து, முழுப் பாக்கியும் திரும்ப உயிர்பெறும்.

அந்த வரியால்தான் காசிமேடு ஆட்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. செட்டில்மென்ட் தவணையை வங்கி நாலாகப் பிரித்து மார்ச், ஏப்ரல், மே, ஜூன் என்று போட்டுக் கொடுத்தால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். மேயில் கையில் என்ன இருக்கும்? தேதியை மாற்றிக் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடனை செட்டில் செய்திருந்தால், முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் பத்திரம் கைக்கு வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இருக்கும் விதி. இதை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பில்லில் வராத செலவு. சிபில் ரிப்போர்ட்டில், அதாவது நீங்கள் கடன் கட்டிய வரலாற்றைச் சொல்லும் அறிக்கையில், உங்கள் கணக்குக்கு நேராக "செட்டில்டு" என்று விழும். முழுசாகக் கட்டியவருக்கு "க்ளோஸ்டு". காசிமேட்டில் விடிகாலை ஏலத்துக்கு வருகிற ஐஸ் மீனைப் பார்த்திருப்பீர்கள். கெட்டுப்போனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவார்கள். "செட்டில்டு" கணக்கும் அப்படித்தான். வருடக்கணக்கில் ரிப்போர்ட்டில் நிற்கும். செட்டில் செய்த அதே வங்கி, விவசாயக் கடன் தவிர மற்றவற்றுக்குக் குறைந்தது 12 மாதம் புதுக் கடன் கொடுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மற்ற வங்கிகளும் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தானே கொடுக்கும்?

வங்கிக் கதவு மூடினால் நம்ம ஏரியாவில் அடுத்த கதவு எது? தண்டல். 10,000 எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார், தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள். வெறும் 1,500தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தை ஒட்டி வருகிறது. கார்டில் 42 சதவீதம் அதிகம் என்று ஓடிவந்தவருக்கு இது.

பின்னால் கையில் பணம் சேர்ந்தால், வங்கி விட்டுக்கொடுத்த மீதியையும் கட்டி "க்ளோஸ்டு" என்று மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். கட்டுவதற்கு முன்னால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வந்துவிட்டோம், 1909.

[திரையில்: ஹைகோர்ட் சிவப்புக் கோபுரங்கள்]

"செட்டில்மென்ட்டாவது ஒன்றாவது, மஞ்சக் கடுதாசி கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்லும் ஆட்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். கொடுக்கலாம். 2016இல் புதுத் திவால் சட்டம் வந்தது. ஆனால் அதில் தனிமனிதர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. நம்ம டிரைவர் அண்ணனுக்கு இன்னும் வரவில்லை. அவருக்குப் பழைய சட்டம்தான். அதிலும் சென்னை, மும்பை, கொல்கத்தா மூன்றுக்கும் 1909ஆம் வருடச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920ஆம் வருடச் சட்டம். வெள்ளைக்காரன் போட்ட கோடு.

அந்த 1909 சட்டத்தைப் படித்துப் பாருங்கள், எனக்கு நாவல் படித்த மாதிரி இருந்தது. திவால் மனு போட அதில் வைத்த வரம்பு 500 ரூபாய்க் கடன். மனு ஏற்கப்பட்டால் உங்கள் சொத்தெல்லாம் அபீஷியல் அசைனி, அதாவது திவாலானவர் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் கோர்ட் அதிகாரி, கைக்குப் போகும். ஆனால் சட்டம் கருணையோடு சிலவற்றை விட்டுவைக்கிறது: தொழில் கருவிகள், உங்களுக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் தேவையான துணிமணி, படுக்கை, சமையல் பாத்திரம், மேசை நாற்காலி. எல்லாம் சேர்த்து 300 ரூபாய் மதிப்புக்குள்!

300 ரூபாய். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இறங்கி 300 ரூபாய்க்கு ஒரு குடும்பத்துக்கு என்ன வாங்க முடியும் என்று பாருங்கள். ஒரு நைட்டி, ஒரு துண்டு. குக்கர் மூடிக்கே பத்தாது. சட்டத்தைத் திருத்தினால் ஒழிய உங்கள் வீட்டு தோசைக்கல் வரம்பைத் தாண்டிய சொத்து.

அடுத்ததுதான் என் ஃபேவரிட். திவாலானவர், திவாலிலிருந்து விடுவித்து கோர்ட் கொடுக்கும் ஆணையை வாங்கும்வரை, தான் திவால் என்று சொல்லாமல் யாரிடமாவது 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் குற்றம். ஆறு மாதம் வரை சிறை கொடுக்கலாம். இரண்டு டீ, இரண்டு சமோசா, "அண்ணே, கணக்கில் எழுதிக்குங்க". முடிந்தது. மாஸ்டரிடம் முதலில் "அண்ணே, நான் கோர்ட் அறிவித்த திவால்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளாஸை எடுக்க வேண்டும். இதற்காக யாரையும் பிடித்துப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை, ஆனால் எழுத்தில் இருக்கிறது. எம்.எல்.ஏ.வாகவும் நிற்க முடியாது. அது உங்களுக்குப் பெரிய நஷ்டமா என்று கமென்ட்டில் சொல்லுங்கள்.

சிரிப்பு போதும். காசே செலவாகாத வழி ஒன்று பாரிமுனையிலேயே இருக்கிறது. லோக் அதாலத், மக்கள் நீதிமன்றம். கேஸ் போடுவதற்கு முன்னாலேயே கடன் தகராறை அங்கே எடுத்துப் போகலாம், கட்டணம் இல்லை. ஏற்கெனவே கோர்ட்டில் இருக்கிற கேஸ் அங்கே சமரசமாக முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பி வரும். செட்டில்மென்ட் கம்பெனி 53,100 ரூபாய் வாங்கிக்கொண்டு பேசப்போகிற அதே வங்கி அதிகாரி எதிரே உட்கார்ந்திருப்பார். ஒரே எச்சரிக்கை: அங்கே கையெழுத்தானது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டுப் போங்கள். அங்கே போய் வெட்கத்தில் அதிகம் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கு அணுக வேண்டிய மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஹைகோர்ட் வளாகத்தில், வடகோட்டைச் சாலையில் இருக்கிறது. உதவி எண் 15100. பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது, அந்த க்ரூப்பில் இந்த வீடியோவைப் போட்டுவிடுங்கள்.

உங்களிடம் கம்பெனிக்காரர்கள் எத்தனை சதவீதம் கேட்டார்கள், எதன்மேல் கேட்டார்கள் என்று கீழே எழுதுங்கள். கடன் எண்ணையும் போன் நம்பரையும் போடாதீர்கள். என் போட்டோவை வைத்துக்கொண்டு "கடனை முடித்துத் தருகிறேன், வாட்ஸ்அப்பில் வாருங்கள்" என்று யாராவது பதில் போட்டால், அது நான் கிடையாது. ரிப்போர்ட் அடியுங்கள்.