குண்டுவீச்சு விமானங்களை விட்டு விலகாதே: ஜெனரல் பெஞ்சமின் டேவிஸ்

[திரையில்: வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி, 1932]

அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1932இல் சேர்ந்த பெஞ்சமின் டேவிஸுடன், கடமைக்காக அன்றி வேறு எதற்காகவும் சக மாணவர்கள் நான்கு ஆண்டுகள் பேசவே இல்லை. அவர் கறுப்பினத்தவர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. தாமாகவே விலகிவிடுவார் என்று காத்திருந்தவர்கள் நடுவே, அறைத்தோழர் ஒருவரும் இல்லாமல் படித்து, 1936இல் 276 பேரில் 35ஆவதாகத் தேறினார்.

அவருக்கு விமானி ஆக வேண்டும் என்பதே ஆசை. ஆனால் கறுப்பினத்தவருக்கான வான்படைப் பிரிவு எதுவும் இல்லை என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். 1941இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் அப்படியொரு பயிற்சி தொடங்கியபோதுதான் வழி பிறந்தது; முதல் அணியில் சேர்ந்த 13 பேரில் டேவிஸ் உட்பட ஐவர் மட்டுமே 1942 மார்ச்சில் விமானி ஆனார்கள்.

[திரையில்: மத்தியதரைக் கடல் வரைபடம்]

இரண்டாம் உலகப் போரில், அவர் தலைமையேற்ற 99ஆவது ஸ்குவாட்ரன் என்ற கறுப்பின விமானிகளின் படையணி 1943இல் வட ஆப்பிரிக்காவிலும் சிசிலியிலும் போரிட்டது. இவர்களுக்குப் போர்க்குணம் போதாது என்று மேலதிகாரி ஒருவர் அறிக்கை எழுத, டேவிஸ் வாஷிங்டன் சென்று விசாரணைக் குழுவின் முன் தம் வீரர்களுக்காக வாதாட நேர்ந்தது. மறு ஆண்டு ஜனவரியில், இத்தாலியின் ஆன்சியோ வானில் இரண்டே நாள்களில் பத்துக்கு மேற்பட்ட ஜெர்மன் விமானங்களை அந்த ஸ்குவாட்ரன் வீழ்த்திய பிறகு அந்தப் பேச்சு அடங்கியது.

இதற்குள் டேவிஸ் 332ஆவது போர் விமானக் குழுவின் தளபதி ஆகியிருந்தார். வால் பகுதியில் சிவப்பு வண்ணம் பூசிய முஸ்டாங் விமானங்களால் பெயர் பெற்ற குழு அது; குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் பறப்பது அதன் பணி. போர் விமானிக்குப் புகழும் பதக்கமும் எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்துவதால்தான் வரும். ஆனால் ஒரு ஜெர்மன் விமானத்தைத் துரத்திக்கொண்டு காவல் விமானங்கள் விலகிப் போனால், வேகம் குறைந்த குண்டுவீச்சு விமானங்களின் மீது மற்றொன்று பாய்ந்துவிடும். ஆகவே தனிப்பட்ட புகழை நாடித் துரத்திப் போகக் கூடாது, குண்டுவீச்சு விமானங்களுடனேயே இருக்க வேண்டும் என்று டேவிஸ் கண்டிப்பாக உத்தரவிட்டார். இளம் விமானிகளிடம் இதைச் சொல்வது எளிது, கடைப்பிடிக்க வைப்பதுதான் கடினம். 1944 ஜூன் 9இல் மியூனிக் நோக்கிய தாக்குதலில் காவல் படையை நடத்திச் சென்றதற்காக அவருக்குச் சிறப்புப் பறத்தல் சிலுவை என்ற பதக்கம் கிடைத்தது.

இந்தக் குழு காத்த குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றைக்கூட எதிரி விமானங்கள் வீழ்த்தியதில்லை என்று இன்றும் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. விமானப்படை வரலாற்றாய்வின்படி இழப்பு 27. இந்தக் குழு இருந்த அதே வான்படைப் பிரிவின் மற்றக் காவல் குழுக்களின் சராசரியோ 46. கட்டுக்கதையைவிட இந்தக் கணக்கே அவருக்குப் பெருமை சேர்க்கிறது என்பது என் எண்ணம்.

[திரையில்: தோளில் நட்சத்திரங்கள்]

படைகளில் இனப்பாகுபாட்டை நீக்க 1948இல் அதிபர் ட்ரூமன் ஆணையிட்டார். 1953இல் கொரியாவில் 51ஆவது போர் விமானப் பிரிவுக்குத் தலைமை ஏற்ற டேவிஸ், மறு ஆண்டே அமெரிக்க விமானப்படையின் முதல் கறுப்பின ஜெனரல் ஆனார். 1970இல் மூன்று நட்சத்திர லெப்டினன்ட் ஜெனரலாக ஓய்வு பெற்ற பின், விமானக் கடத்தல்களைத் தடுக்கும் அரசுப் பொறுப்பையும் வகித்தார். முழு ஜெனரல் பதவிக்குரிய நான்காவது நட்சத்திரத்தை அதிபர் கிளிண்டன் வழங்கியது 1998 டிசம்பரில். அப்போது டேவிஸுக்கு 85 வயது.