பல் கிளிப்பைப் பிடித்திருக்கும் பசை: எதை வைத்து மதிப்பிடுவது?

[திரையில்: பிராக்கெட் ஒட்டிய முன்பல், மிக அருகில்]

கிளிப் போட்டிருப்பவர்கள் கம்பியைப் பற்றிப் பேசுவார்கள், ரப்பரின் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள். பல்லுக்கும், அதில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் சிறு துண்டான பிராக்கெட்டுக்கும் நடுவே இருக்கும் ரெசின் (பிசின் போன்ற பசை) படலம் யார் நினைவிலும் வருவதில்லை. மெல்லும் அழுத்தம், கம்பியின் இழுப்பு, எச்சில் எல்லாவற்றையும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் தாங்குவது அதுதான். சிகிச்சை முடிந்ததும், பல்லின் கடினமான மேலுறையான எனாமலுக்குச் சேதமில்லாமல் விட்டுக்கொடுக்க வேண்டியதும் அதுதான். பசைகளை ஒப்பிடும்போது நான் இந்த இரண்டாவது வேலைக்கே அதிக மதிப்புக் கொடுப்பேன்.

[திரையில்: அமிலம் பட்ட எனாமல், நுண்ணோக்கிப் படம்]

1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர், எனாமலில் பாஸ்பாரிக் அமிலம் தடவினால் அக்ரிலிக் உறுதியாக ஒட்டுவதைக் காட்டினார். அமிலம் எனாமலில் நுண்துளைகளை உண்டாக்குகிறது. ரெசின் அவற்றுக்குள் வழிந்து, இறுகி, வேர்பிடித்ததுபோல் நின்றுவிடுகிறது. 1965இல் ஜார்ஜ் நியூமன் எப்பாக்சி பசையால் பிராக்கெட்டுகளை நேரடியாகப் பல்லில் ஒட்டும் முறையை எழுதினார். அதற்கு முன்பு பல்லைச் சுற்றி உலோகப் பட்டை மாட்டித்தான் பிராக்கெட்டைப் பொருத்தினார்கள். புவோனோகோர் பயன்படுத்தியது 85 சதவீத அமிலம். இன்று வழக்கம் 37 சதவீதம், 15 முதல் 30 விநாடிகள்.

[திரையில்: நீல ஒளி பாய்ச்சும் கருவி]

இன்று பரவலாக இருப்பது ஒளியில் இறுகும் காம்போசிட் ரெசின், அதாவது நுண்துகள்கள் கலந்த ரெசின். டிரான்ஸ்பாண்ட் எக்ஸ்டி இந்த வகையைச் சேர்ந்தது. ஆய்வுக்கூடங்களில் மற்ற பசைகளை இதோடுதான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். இதில் சாதகம், நேரம். நீல ஒளி படும்வரை பசை இறுகாது. மருத்துவர் பிராக்கெட்டை நகர்த்தி, சரியான இடத்தில் வைத்து, பக்கத்தில் பிதுங்கியதை வழித்தெடுக்கலாம். இரண்டு பகுதிகள் சேர்ந்ததும் தானாக இறுகும் பழைய ரசாயன வகையில் இந்த வசதி இல்லை. காம்போசிட்டின் பலவீனம் ஈரம். அமிலம் பட்ட பரப்பில் எச்சில் பட்டுவிட்டால் பிடிமானம் குறைந்துவிடும்.

அந்த இடத்தில்தான் ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் (கண்ணாடித் தூளும் அமிலமும் சேர்ந்து இறுகும் பசை) கைகொடுக்கிறது. ஃபூஜி ஆர்த்தோ எல்சி இதற்கு எடுத்துக்காட்டு. ஓரளவு ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், எனாமலின் கால்சியத்தோடு வேதிப்பிணைப்பும் கொள்ளும், ஃபுளோரைடை வெளிவிடும். முதல் சில நாட்களில் அதிகமாக வெளிவந்து பிறகு குறைந்துவிடும் என்பதால், பிராக்கெட்டைச் சுற்றி வெண்புள்ளிகள் (சொத்தையின் தொடக்க அடையாளம்) வராமல் இது ஒன்றே காத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. பல் துலக்குவதற்கு மாற்று எந்தப் பசையிலும் இல்லை. ஆய்வக அளவீடுகளில் இதன் ஒட்டுவலிமை பொதுவாகக் காம்போசிட்டைவிடக் குறைவு.

குறைவு என்றால் மோசமா?

[திரையில்: 6–8 மெகாபாஸ்கல்]

1975இல் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர், சிகிச்சைக்குச் சுமார் 6 முதல் 8 மெகாபாஸ்கல் (பரப்பின் மீதான விசையை அளக்கும் அலகு) ஒட்டுவலிமை போதும் என்று எழுதினார். 10 சதுர மில்லிமீட்டர் அடிப்பரப்புள்ள பிராக்கெட்டுக்கு அது ஏறக்குறைய 6 முதல் 8 கிலோ எடையின் விசை. அதற்கு மேல் வலிமையைக் கூட்டிக்கொண்டே போனால், கழற்றும்போது பசைக்குப் பதில் எனாமலே பெயரும் ஆபத்து வருகிறது. ஆரம்பகாலப் பீங்கான் பிராக்கெட்டுகளில், சிலேன் என்ற இணைப்பு வேதிப்பொருள் வழியாக வேதிமுறையில் மிக இறுக்கமாக ஒட்டியவற்றில், இது நடந்தது. போன எனாமல் திரும்ப வளராது. அதிக எண் காட்டும் பசையே சிறந்தது என்ற விளம்பர வாதத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

எனவே பிராக்கெட் எங்கே பிரிகிறது என்று பாருங்கள். 1984இல் ஆர்ட்டுன், பெர்க்லாண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தந்த அளவுகோலில், 0 என்றால் பல்லில் பசையே மிச்சமில்லை. 3 என்றால் பிராக்கெட்டின் அடியிலுள்ள வலையின் அச்சோடு முழுப் பசையும் பல்லிலேயே நிற்கிறது. 3 வந்தால் சுரண்டும் வேலை அதிகம். ஆனால் முறிவு எனாமலை விட்டுத் தள்ளி நடந்திருக்கிறது. அந்தக் கூடுதல் வேலையை நான் வரவேற்பேன்.

பல்லும் கணக்கில் வர வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் உள்ள பகுதிகளில் வளர்ந்தவர்களின் எனாமல் மேற்பரப்பு அமிலத்தை எதிர்க்கும். வழக்கமான விநாடிக் கணக்கு அங்கே போதாமல் போகலாம். பழுப்புக் கறை படிந்த பற்களில் பிராக்கெட் அடிக்கடி கழன்றால் பசையை மட்டும் குறை சொல்ல முடியாது.

மருத்துவச் சான்றுகளை அலசும் காக்ரேன் அமைப்பு, ஆய்வுகளைத் தொகுத்துச் செய்த மதிப்பாய்வும், இந்தப் பசைதான் சிறந்தது என்று பரிந்துரைக்கத் தரமான சான்று போதவில்லை என்றே முடித்தது. பல்லை உலர்வாக வைத்திருக்க முடிந்தால் நான் ஒளியில் இறுகும் காம்போசிட்டையே தேர்வேன். உலர்த்துவது கடினமான பின்பற்களுக்கும், சொத்தை எளிதில் வரும் வாய்க்கும் கிளாஸ் அயனோமரைக் கேட்டுப் பார்க்கலாம். எதுவானாலும், கிளிப் கழற்றும் நாளில் மிச்ச ரெசின் முழுவதையும் எடுத்து மெருகிட்டார்களா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். விட்டுப்போன படலத்தில் காலப்போக்கில் கறையும் அழுக்கும் சேரும்.